பனிப்புயல் நாளில் ‘எங்கே புவி வெப்பம்?’ என்று கேட்பவர்களுக்கு

வணக்கம்.

பனி கொட்டத் தொடங்கினாலே உங்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்துவிடும். “பூமி சூடாகிறது என்றார்களே, இதென்ன?” என்பது ஒன்று. “நாளைக்கு எத்தனை அங்குலம் விழும் என்றே ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, இதில் 2100-இல் என்ன நடக்கும் என்று சொல்ல வந்துவிட்டார்கள்” என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறீர்கள். முதலாவது வெறும் கிண்டல். இரண்டாவதில் விஷயம் இருக்கிறது, அதற்கு உட்கார்ந்து பதில் சொல்லத்தான் வேண்டும்.

கிண்டலை முதலில் பார்த்துவிடலாம். 2015 பிப்ரவரி 26 அன்று ஜேம்ஸ் இன்ஹோஃப் அமெரிக்க செனட் சபையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்தார். ஓக்லஹோமா மாநில செனட்டர். சபையின் சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவர் வேறு. பைக்குள் இருந்தது ஒரு பனி உருண்டை. வெளியிலிருந்து எடுத்து வந்தேன், அவ்வளவு குளிர் என்று சொல்லி, சபையை நடத்திக்கொண்டிருந்தவர் பக்கம் அதை வீசினார். நாட்டின் கிழக்குப் பகுதி அந்த மாதம் நடுங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். பாஸ்டனில் அந்தப் பருவத்தில் மட்டும் 110.6 அங்குலப் பனி விழுந்தது. அந்த நகரத்தின் பதிவேட்டில் அதற்கு முன் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

சரி, அதே குளிர்காலத்தில் நாட்டின் மறுகோடியில் என்ன நடந்தது? ஏப்ரல் 1 அன்று கலிஃபோர்னிய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சியரா நெவாடா மலையில் உள்ள பிலிப்ஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஆண்டுதோறும் பனியின் ஆழத்தை அளக்கும் இடம் அது. அந்தத் தேதியில் ஐந்து அடிக்கு மேல் பனி கிடப்பது வழக்கம். அவர் நின்றதோ காய்ந்த புல்லின் மேல். மாநிலத்தின் மலைப்பனி வழக்கமான அளவில் வெறும் 5 சதவீதம்தான் இருந்தது. நகரங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைத்தாக வேண்டும் என்ற உத்தரவை அந்தப் புல்வெளியில் நின்றபடியே அறிவித்தார். 2015 முடிந்து கணக்குப் பார்த்தபோது, உலகச் சராசரி வெப்பநிலையில் அதுவரை பதிவான எல்லா ஆண்டுகளையும் அது தாண்டியிருந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சீராக வேகும்போதுதான். காற்றுமண்டலம் அப்படி வேகுவதில்லை. வாஷிங்டனில் அள்ளிய ஒரு பிடி பனியிலிருந்து வாஷிங்டனின் அந்த வாரத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியும். (கோடையில் ஒருநாள் தார் உருகியதும் படம் எடுத்துப்போட்டு “பார்த்தீர்களா?” என்று கேட்கும் என் தரப்பு ஆட்களுக்கும் இது பொருந்தும்.)

இன்னொன்று. பனி விழக் குளிர் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பூச்சியத்துக்குக் கீழேயே இருக்கும் ஓர் இடத்தில், சற்றுக் குறைந்த குளிரில் முன்பைவிடக் கனமான பனி கொட்டலாம். அதே சமயம் மொத்தப் பனிக்காலம் சுருங்கவும் செய்யலாம். ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்றில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

அதே 2015-இல், ஜனவரி 26 இரவு, நியூயார்க் நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலம் வரை பனி விழும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை அறிவித்திருந்தது. ஆளுநர் சுரங்க ரயில்களை நிறுத்தினார். பனிக்காக அந்த ரயில் முழுவதுமாக நின்றது அதுவே முதல் முறை. விடிந்து பார்த்தால் சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். நகரமே சிரித்தது. நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹோலி வானிலை அலுவலகத் தலைவர் கேரி சட்கோவ்ஸ்கி பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் இன்றைக்கும் இழுக்கும் உதாரணம் இதுதான்.

ஆனால் அந்தப் புயல் வராமல் போகவில்லை. கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. பாஸ்டனில் 24.6 அங்குலம், வூஸ்டரில் 34.5 அங்குலம். ஆயிரம் மைல் அகலத்துக்குச் சுழலும் ஒரு புயலில் கனமழை போலப் பனி கொட்டும் பட்டை மிகக் குறுகலானது. அதன் விளிம்பு சில பத்து மைல் நகர்ந்தால் ஓர் ஊர் புதையும், பக்கத்து ஊர் தப்பும். விளிம்பு எங்கே விழும் என்பதில் அன்று கணினி மாதிரிகள் (வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரல்கள்) ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய மாதிரி மேற்கே வைத்தது, அமெரிக்க மாதிரி அதைவிடக் கிழக்கே வைத்தது. அந்தக் கருத்து வேறுபாடு மக்கள் காதுக்கு எட்டவில்லை. எட்டியது பெரிய எண் மட்டும். தப்பு எங்கே என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நிச்சயமின்மையை மக்களுக்கு இன்னும் நன்றாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்தச் சேவையின் இயக்குநரே பிறகு ஒப்புக்கொண்டார்.

நாளைய பனியைக் கணிப்பதில் ஏன் இத்தனை சிக்கல்? அமெரிக்க வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் 1961-இல் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். கணினியில் ஓட்டிய ஒரு வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட நினைத்து, 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கித் தட்டினார். எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், முன்பு வந்ததற்குச் சம்பந்தமே இல்லாத வானிலை. இன்றைய காற்றை முழுத் துல்லியமாக அளக்க யாராலும் முடியாது. அளவீட்டில் உள்ள சிறு பிசகு நாள் ஆக ஆக ஊதிப் பெருகும். அதனால் இரண்டு வாரத்துக்கு அப்பால் குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்வது ஏறக்குறைய ஆகாத காரியம்.

2100-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வேலையைச் செய்யவில்லை. 2100 ஜனவரி 14 அன்று எங்கே பனி விழும் என்று அவர்கள் சொல்வதே இல்லை. பூமிக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, வெளியே போவதைக் கரியமில வாயு எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் அவர்களுடைய கணக்கு. வரும் ஜூலையில் எந்த நாள் வெயில் கொளுத்தும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் வட பாதியில் ஜூலை ஜனவரியைவிடச் சூடாக இருக்கும் என்று நீங்களும் நானும் பந்தயம் கட்டுவோம். லோரன்ஸின் ஆறாம் தசம இடம் அந்தப் பந்தயத்தை ஒன்றும் செய்யாது.

“பந்தயம் கட்டலாம், ஜெயித்தார்களா?” என்று கேளுங்கள். கேட்க வேண்டியது அதைத்தான். 1967-இல் சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் என்ற இரண்டு பருவநிலை விஞ்ஞானிகள் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். கரியமில வாயு கூடினால் தரையும் கீழ்க்காற்றும் சூடாகும், ஆனால் அதற்கு மேலே உள்ள காற்றடுக்கான அடுக்கு மண்டலம் குளிரும் என்றார்கள். சூரியன்தான் காரணம் என்றால் மேலேயும் சூடாக வேண்டும். பிறகு பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்தன: கீழே சூடு, மேலே குளிர். அளப்பதற்கு முன்பே சொன்னது இது, நடந்த பிறகு பொருத்திக்கொண்டதல்ல. இன்னொன்று, 1970-க்கும் 2007-க்கும் இடையே வெளியான 17 வெப்பநிலைக் கணிப்புகளை எடுத்து, பிறகு உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வந்தது. 10 கணிப்புகள் அப்படியே ஒத்துப்போயின. வாயுக்கள் உண்மையில் எவ்வளவு கூடின என்பதையும் சேர்த்துப் பார்த்தால் 14. மூன்று தேறவில்லை, அதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை.

இந்த மடலை என் தரப்பைத் திட்டாமல் முடித்தால் நியாயம் இல்லை. 2009-இல் பிரிட்டனின் வானிலை அலுவலகம் ‘பார்பிக்யூ கோடை’ (வெளியில் அடுப்பு வைத்துச் சமைக்கும் அளவுக்கு நல்ல வெயில் கோடை) வர வாய்ப்பு அதிகம் என்று உற்சாகமாக அறிவித்தது. ஜூலை நனைந்து ஊறிப்போனது. மறு ஆண்டு பொதுமக்களுக்கான பருவ முன்னறிவிப்பையே கைவிட்டார்கள். பருவ முன்னறிவிப்பு என்பது நாளைய வானிலைக்கும் நூற்றாண்டின் வெப்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. அதை நீங்கள் எவ்வளவு சந்தேகித்தாலும் நான் குறுக்கே வரமாட்டேன். அப்புறம், ஒவ்வொரு பனிப்புயலையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதும் பழக்கம். ஆர்க்டிக் சூடாவதால் மேல்காற்றோட்டம் வளைந்து குளிர் தெற்கே வழிகிறது என்று தொலைக்காட்சியில் அடித்துச் சொல்கிறார்கள். ஆய்வாளர்களிடையே அது இன்னும் தீராத விவாதம். தீராததைத் தீர்ந்ததாகச் சொன்னால், தீர்ந்ததையும் நீங்கள் நம்பாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

சந்தேகப்பட உங்களுக்கு உண்மையிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி கூடும்? 1979-இல் சொன்ன விடை 1.5 முதல் 4.5 வரை. 2021-இல் அது 2.5 முதல் 4 வரை என்று சுருங்கியது. நாற்பது ஆண்டு உழைத்தும் இன்னும் ஒன்றரை டிகிரி இடைவெளி! மேகங்கள்தான் பெரிய தலைவலி. அங்கே போய்க் கேள்வி கேளுங்கள், விஞ்ஞானிகளே உட்காரவைத்துப் பேசுவார்கள். வாசலில் கிடக்கும் பனியைக் காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

எனக்கு உண்மையான கவலை வேறு. 2100-ஐ நம்பாதவர், அதே வேகத்தில் நாளைய எச்சரிக்கையையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார். 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தைப் புதைத்த புயலைப் பல நாள் முன்பே, தலைமுறைக்கு ஒருமுறை வரக்கூடியது என்று சொல்லியே எச்சரித்திருந்தார்கள். கணிப்பு பலித்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சிலர் கார்களுக்குள், சிலர் தெருவில், சிலர் சூடேற்ற வழியில்லாத வீடுகளில். எல்லாரும் எச்சரிக்கையை நம்பாமல் போனவர்கள் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் இருந்திருப்பார்கள். கார் ஓட்டத் தடை, புயல் தொடங்கும் வெள்ளிக்கிழமை காலையில்தான், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தில் வந்தது. அதற்கு அதிகாரிகள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் “இவர்கள் எப்போதும் இப்படித்தான் மிகைப்படுத்துவார்கள்” என்று வண்டியை எடுக்கிறவர் ஒருவராவது எந்தப் புயலிலும் இருப்பார். அவருக்கு அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்ததில் 2015-இன் பெரிய எண்ணுக்கும் பங்குண்டு, உங்கள் கிண்டலுக்கும் பங்குண்டு.

அதனால் இரண்டே கோரிக்கை. அடுத்த புயலுக்கு முன்னறிவிப்பைப் பார்க்கும்போது பெரிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை சதவீத வாய்ப்பு என்பதையும் குறித்துவைத்து, ஒரு பருவம் முழுக்கச் சரிபாருங்கள். தேறவில்லை என்றால் கணக்கோடு வந்து சண்டை போடுங்கள். அப்புறம், வண்டியை எடுக்காதே என்று எச்சரிக்கை வந்தால் புவி வெப்ப விவாதத்தைப் பனி அள்ளி முடியும்வரை தள்ளிவைத்துவிட்டு வீட்டிலேயே இருங்கள்.

அன்புடன்,
உங்களோடு உடன்படாத ஒருவர்