நடுத்தர விலைக் கருவியும் காசு கிடைக்கும் வயலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து வயல்களில் மெட்டல் டிடெக்டர் கொண்டு பழங்காசு தேடுவோரைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புதையல் கிடைத்தவர்களின் கதைகளைச் சுவையாகச் சொன்ன அக்கட்டுரை, ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்துக் கருவி வாங்காதவர்கள் இதில் இறங்குவது வீண் என்ற எண்ணத்தையும் படிப்பவர் மனத்தில் ஏற்படுத்திவிடுகிறது. கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் குடியிருந்து, ஓய்வு நேரத்தில் இத்தேடலில் ஈடுபடுபவன் என்ற முறையில் அதை மறுக்க விரும்புகிறேன். 300 முதல் 600 பவுண்டுக்குள் வாங்கும் கருவி இங்குள்ள மண்ணுக்குத் தாராளமாகப் போதும். காசு கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் எந்த வயலில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

கருவியை முதலில் பார்ப்போம். இங்கே உழவு நிலங்களில் கிடைக்கும் இடைக்கால வெள்ளிப் பென்னிகள் சம்மட்டியால் அடித்துச் செய்யப்பட்டவை. ஒன்றரை கிராம் எடைகூட இல்லாமல் நகம் போல் மெலிந்திருப்பவை. சில்லறைத் தேவைக்காக அவற்றை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிப் புழங்கியிருக்கிறார்கள் என்பதால் அத்துண்டுகளும் மண்ணில் கிடக்கின்றன. தாழ்ந்த அதிர்வெண்ணில் மட்டும் இயங்கும் மலிவுக் கருவி, பெரிய செப்புக் காசை நன்றாகக் காட்டினாலும் இந்தச் சிறு வெள்ளியைக் கோட்டைவிட்டுவிடும். ஆகவே 12 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் இயங்கும் கருவியையோ, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவியையோ வாங்குவதே நல்லது. இந்தப் பல அதிர்வெண் வசதி முன்பு விலை உயர்ந்த கருவிகளில் மட்டுமே இருந்தது. இப்போது மைன்லேப் நிறுவனத்தின் வான்குவிஷ் 540, நோக்டா நிறுவனத்தின் லெஜண்ட் போன்ற நடுத்தரக் கருவிகளுக்கே வந்துவிட்டது. கடற்கரையின் ஈர மணலில் உள்ள உப்பு, ஒற்றை அதிர்வெண் கருவியைப் பொய்யாகக் கத்த வைக்கும் என்பதால், கரையோரம் தேட நினைப்பவர்களுக்கு வேறு தேர்வே இல்லை என்று சொல்லலாம். அவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, லெஜண்டை முழுவதுமாகத் தண்ணீருக்குள் இறக்கலாம், வான்குவிஷில் காயிலை, அதாவது தரையின் மேல் வீசும் அடித்தட்டை, மட்டுமே நனைக்கலாம் என்பது.

விளம்பரங்கள் எல்லாம் ஆழத்தைப் பற்றியே பேசுகின்றன. வயலிலோ, ஆழத்தைவிட இரும்புதான் பெரிய தொல்லை. மக்கள் வாழ்ந்த இடம் என்றாலே அங்கே ஆணிகளும் லாடத் துண்டுகளும் இறைந்து கிடக்கும். காசும் அவற்றுக்கு நடுவில்தான் இருக்கும். ஓர் ஆணிக்கு ஒலித்து முடித்து அடுத்த பொருளுக்குக் கருவி எவ்வளவு விரைவாகத் தயாராகிறது என்பதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். பழைய வெள்ளி மூன்று பென்ஸ் காசு ஒன்று, எடையில் இடைக்காலப் பென்னியை ஒத்தது, நாணயக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். அதைத் தரையில் வைத்து, நாலு விரற்கடை தள்ளித் துருவேறிய ஆணி ஒன்றை வைத்து, இரண்டின் மேலும் காயிலைப் போக வர வீசிப் பார்க்க வேண்டும். ஆணிக்குத் தடித்த முனகலும் வெள்ளிக்குக் கூர்மையான கீச்சொலியும் தனித்தனியே கேட்டால் அந்தக் கருவியை நம்பி வாங்கலாம். முனகல் மட்டுமே கேட்டால், விற்பவர் எத்தனை அங்குல ஆழம் சொன்னாலும் வேண்டாம் என்று வந்துவிடலாம்.

எந்த உலோகம் என்று ஊகித்துக் கருவி திரையில் காட்டும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் சிறிய தங்கக் காசும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். வளையத்துக்குச் சலித்து அந்த எண்ணுக்குக் கருவி ஒலிக்காதபடி அடைத்துவிட்டால் தங்கத்தையும் சேர்த்தே அடைத்ததாகிவிடும். மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறிய காயிலும், தோண்டிய குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் குச்சி வடிவக் கைக்கருவியும் வாங்கிக்கொள்வது பயனுள்ளது.

இனி நிலம். இங்கிலாந்தில் உரிமையாளர் இல்லாத வயல் கிடையாது. பொதுப் பாதை ஒன்று வயலுக்குள் போகிறது என்பதால் அங்கே தோண்டும் உரிமை வந்துவிடாது. அனுமதியின்றி இறங்குவது அத்துமீறல், எடுத்ததைப் பையில் போட்டுக்கொள்வது திருட்டு. ஆனால் அனுமதி கேட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வேலை முழுவதும் வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடியது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்றைய வரைபடத்தோடு அவற்றை ஒப்பிட்டால், இப்போது உழுது அழிக்கப்பட்டுவிட்ட நடைபாதைகள், ஆற்றைக் கடந்த துறைகள், இடிந்துபோன குடிசைகள், தேவாலயத்துக்கு மக்கள் நடந்த குறுக்குவழிகள் எல்லாம் தெரியவரும். இரண்டு பாதைகள் சந்தித்த முனையும், வேலியைத் தாண்டுவதற்குப் படி வைத்திருந்த இடமும் காசு விழுவதற்கு வாகானவை. வீடே இல்லாத வயல்களிலும் காசு கிடைப்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். அக்காலத்தில் நகரத்துக் கழிவையும் குப்பையையும் வண்டியில் ஏற்றி அருகிலிருந்த நிலங்களுக்கு உரமாக அடித்தார்கள், அதனோடு காசும் பொத்தானும் வந்து சேர்ந்தன. ஆகவே பழைய சந்தை ஊர்களைச் சுற்றி ஒன்றிரண்டு மைலுக்குள் இருக்கும் உழவு நிலங்களை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன்.

அறுவடை முடிந்து அரிதாள் நிற்கும் நாள்கள் தொடங்கி விதைப்பு வரைதான் உழவு நிலத்தில் தேடும் காலம். உழுது உருளை ஓட்டிச் சமப்படுத்திய வயல் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. காயில் தரையை ஒட்டியே போகும். மேய்ச்சல் நிலத்துக் காசுகள் கலப்பையிலும் உரத்திலும் அடிபடாததால் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஆனால் அங்கே புல்லை மூன்று பக்கம் வெட்டி, மூடியைப் போலத் திருப்பி, வேலை முடிந்ததும் மிதித்து மூடாவிட்டால் விவசாயி மறுமுறை உள்ளே விடமாட்டார். அனுமதியை எழுத்தில் வாங்குவதும், கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்று முன்னதாகவே எழுதிக்கொள்வதும் முறை.

தங்கள் கட்டுரை அறவே விட்டுவிட்டது சட்டத்தை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ கலந்த காசுகள் இரண்டு ஒரே இடத்தில் கிடைத்தாலே 14 நாள்களுக்குள் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இச்சட்டம் வருவதற்கு முன்பே, 1992-இல், எங்கள் சஃபோக்கில் உள்ள ஹாக்ஸ்ன் ஊரில் விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போன எரிக் லாஸ், ரோமானியக் காசுகள் வரத் தொடங்கியதும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் வந்து எடுத்ததில் ஏறத்தாழ 15,000 காசுகள் கிடைத்தன, 17.5 லட்சம் பவுண்டு வெகுமதியில் விவசாயிக்கும் பங்கு கிடைத்தது. மாறாக, 2015-இல் ஹெரிஃபோர்டுஷயரில் வைக்கிங் காலப் புதையல் ஒன்றை மறைத்து விற்ற இருவர் 2019-இல் சிறை சென்றனர். அதிலிருந்த சுமார் 300 காசுகளில் மீட்கப்பட்டவை 31 மட்டுமே.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கருவியைக் கொண்டுவந்து கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசு தேடலாமே என்று கேட்கும் உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள். இந்தியப் புதையல் சட்டம் 1878-ஆம் ஆண்டினது. மண்ணில் மறைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த காசு தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. தங்கள் நாளிதழைத் தமிழகத்திலும் இங்கேயும் படிப்பவர்கள் இருப்பதால், அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதும்போது இரு நாட்டுச் சட்ட விதிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சஃபோக், இங்கிலாந்து.