லோங்வி வானொலியைக் கேட்க வைத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். பிரான்சின் லோங்வி ஊரில் ஒலித்த வானொலியின் பழைய பதிவுகளைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும் சந்திப்பு போன சனிக்கிழமை நல்லபடியாக நடந்து முடிந்தது. முப்பது நாற்காலி போட்டோம், போதவில்லை, ஜன்னலோரம் நின்றபடியே இரண்டு மணி நேரம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் ஆசை, முடியாததால் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1978 கடைசியில் பிரான்சின் லொரென் பகுதியில் எஃகு ஆலைகளை மூடும் திட்டம் வந்தது, லோங்வி வட்டாரத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வேலை போகும் நிலை. சேஜேதே (CGT) என்ற பிரெஞ்சுத் தொழிற்சங்கம் 1979 மார்ச் 17 அன்று 'லொரென் கர் தாசியே', அதாவது 'லொரென், எஃகு இதயம்' என்று ஒரு வானொலியைத் தொடங்கியது. அப்போது ஒலிபரப்பு அரசின் ஏகபோகம், ஆகவே இது சட்டத்துக்குப் புறம்பான வானொலி. ஆன்டெனாவை வைத்த இடம் தேவாலயத்தின் மணிக்கூண்டு! சங்கம் அமர்த்திய பத்திரிகையாளர்கள் மார்செல் த்ரியா, ஜாக் துபோன் இருவரும் மைக்கை ஊருக்கே திறந்துவிட்டார்கள். தொழிலாளி, இல்லத்தரசி, புலம்பெயர்ந்து வந்தவர், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசலாம், சங்கத்தையே குறை சொல்லலாம். எனக்கு இந்த வானொலியில் மிகவும் பிடித்தது அதுதான். 1980 கோடையில் சங்கமே அதை நிறுத்தியதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் சட்டம் மாறி, இப்படிப்பட்ட வானொலிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

சரி, நன்றிக்கு வருகிறேன். மூன்று மாலை என்னோடு உட்கார்ந்து, ஒரே வரியை நாலு தடவை ஓட்டி ஓட்டி, அந்த ஊர்ப் பேச்சைப் புரியவைத்த பிரெஞ்சு ஆசிரியைக்கு முதல் நன்றி. "இந்த இடத்தில் அவர் இருமுகிறார், வார்த்தையைத் தேடாதே" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பதிவில் பேசும் அந்த ஆலைத் தொழிலாளி எனக்கு ஓர் ஆளாகவே தெரிந்தார்.

அப்புறம், லோங்வியிலிருந்து தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் பேசிய பெரியவருக்கு. இந்த வானொலியின் அலைவரிசையில் அரசு இரைச்சலைப் போட்டு அடைத்த நாட்களில், வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்து, கடைசியில் சமையலறை மேடைமேல் வைத்துக் கேட்டதாகச் சொன்னீர்கள் ஐயா. அதை நான் சொன்னபோது கூடத்தில் யாரும் அசையவில்லை.

ஒலிபரப்பை அன்றே கேசட்டில் பதிந்து இத்தனை வருடம் காப்பாற்றியவர்களுக்கும், கூடம் தந்த நூலகத்தாருக்கும், தேநீர் போட்டுக் கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி. ஸ்பீக்கர் கொடுத்த தம்பி, செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

பெரியவர் கேட்டிருந்தபடி, சந்திப்பின் கடைசியில், வந்திருந்தவர்கள் பேசிய இருபது நிமிடத்தையும் பதிந்து அவருக்கு நேற்றே அனுப்பிவிட்டேன்.