மாணவியர் கழிப்பறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடலூரில் நம் பள்ளி மாணவியருக்கான கழிப்பறையும் கை கழுவும் தொட்டியும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. 2011 தானே புயலில் ஷீட்டுக் கூரைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே கூரை கான்கிரீட். 2015 வெள்ளத்தை நினைத்துத் தரைமட்டத்தை உயர்த்தினோம்.

முன்சுவருக்கு டைல்ஸ் எங்கே என்று சிலர் கேட்டீர்கள். அந்தப் பணம் ஒவ்வோர் அறைக்குள்ளும் குழாய் இழுக்கப் போய்விட்டது. நாப்கின் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழாய் வெளியில் மட்டும் இருந்தால், கறைக் கையோடு எல்லார் எதிரிலும் எந்தப் பிள்ளை வந்து நிற்கும்? காலையில் வைத்ததை மாற்றாமலே வீடு போய்ச் சேரும்.

வரைபடத்துக்கு முன் டீச்சர் பிள்ளைகளிடமே விசாரித்தார். உள்தாழ்ப்பாள், பை மாட்டக் கொக்கி, அடியில் சந்து விடாத கதவு என்றார்கள். இன்ஜினீயருக்கோ நமக்கோ இது தோன்றவே இல்லை.

கரையோர போர்வெல் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. அதனால் தொட்டிக்கு மாநகராட்சித் தண்ணீர். சோப்பு காணாமல் போகாதிருக்க, மீன்வலைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். யோசனை ஒரு மாணவியின் அம்மாவுடையது.

அரசின் இலவச நாப்கின் திட்டமான புதுயுகத்தில் இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின். அதாவது மாதத்துக்கு 9. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றாலும் மூன்று நாளைக்குக் காணாது. அதனால் வீட்டில் துணியும் வைக்கிறார்கள். அதில் தவறில்லை, சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வேண்டும், அவ்வளவுதான். கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்து, ஈரம் போகாமல் உலர்த்துவதுதான் தொல்லை. இதைத் தாய்மார் கூட்டத்தில் சுகாதாரச் செவிலியர் பேசினார். அவசரத்துக்குக் கொஞ்சம் நாப்கின் பி.டி. டீச்சரிடம் இருக்கிறது.

எரிக்கும் இயந்திரம் தர முன்வந்த உறுப்பினருக்கு நன்றி, ஏற்கவில்லை. நாப்கினில் பிளாஸ்டிக் உண்டு, சூடு போதாமல் எரிந்தால் நச்சுப்புகை. நம் ஊர்க் காற்றில் இருக்கும் புகையே போதும். தாளில் சுற்றி மூடிபோட்ட கூடையில் போட்டால், தூய்மைப் பணியாளர் தனியாக எடுத்துக்கொள்வார். அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

மீதித் தொகையைச் சோப்புக்கும் கையுறைக்கும் ஒதுக்கியிருக்கிறோம். ஆண்டு முழுவதற்கும் அது வராது. அடுத்த கூட்டத்தில் மாதச் சந்தா பற்றி முடிவெடுக்க வேண்டும். ரசீதுகளும் வரவு செலவுப் பேரேடும் தலைமையாசிரியர் அறையில் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு