கலயம் விரிசல் விடுவது பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் நினைவுக் கலயத்தை வாங்கி, கொல்லையிலோ தோப்பிலோ மரம் வைத்தவர்கள் நீங்கள். இறந்தவரின் அஸ்தியில் கொஞ்சம் மண்ணோடு கலந்து போட்டு, அவர் நினைவாக மரக்கன்று வைத்து, அப்படியே மண்ணில் இறக்கும் மண்கலயம் அது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாளாக வாட்ஸப்பில் சுற்றும் அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்த மடல். புங்கங்கன்று வைத்த கலயம் ஒன்று கழுத்திலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுக் கிடக்கிறது. "அப்பா நினைவாக வாங்கினோம், ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. துக்க வீட்டில் காசு பார்க்கிறார்கள்" என்று அடியில் எழுதியிருக்கிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, உண்மையா என்று கேட்டிருந்தீர்கள்.

படம் உண்மை. கலயமும் எங்களுடையதுதான். அது விரிய வேண்டும் என்றே செய்கிறோம்.

மானாமதுரையில் கடத்தைத் தட்டித் தட்டிக் கனமாக்கி, நன்றாக வேகவைப்பார்கள். பல வருஷம் வாசிப்பவர் கையில் அடி வாங்க வேண்டிய பொருள் அது. நினைவுக் கலயத்துக்கும் அதே கண்மாய் மண்தான், அதே ஆற்று மணல்தான். சுவரை மெல்லிசாக இழுத்து, சூளைச் சூட்டை மட்டும் முன்னதாகவே நிறுத்திவிடுவோம். மேலே பூச்சு கிடையாது, அதனால் ஈரம் உள்ளே போய் வரும். கன்று சின்னதாக இருக்கிறவரை அதன் வேரைக் கலயம் காக்கும். வேர் தடித்ததும் சுவரை நெட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கெட்டியாகச் சுட்டுக் கொடுத்தால் உங்களுக்குப் பார்க்க நன்றாக இருக்கும், எங்களுக்கும் இந்தப் பேச்சு வந்திருக்காது. ஆனால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வளரும், மரம் பின்னால் ஒரு பெருங்காற்றுக்குச் சாய்ந்துவிடும். நர்சரியில் அதிக நாள் தொட்டியில் கிடந்த கன்றை உருவிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அபசகுனமோ என்று சிலர் பதறிப் பேசினீர்கள். கொள்ளிக்குடத்தில் துளை போட்டு, சுற்றி வந்து, உடைத்துவிட்டுத்தானே நம் ஊரில் கொள்ளி வைக்கிறோம்? சாவோடு சேர்ந்த மண்பாண்டம் உடைவது நமக்குப் புதிதில்லை. எங்கள் ஊரிலிருந்து மதுரை போகும் வழியில், திருப்புவனம் தாண்டினால் கொந்தகை. 2020 முதல் தொல்லியல் துறை அங்கே தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளில் விரிந்தவையும் உடைந்தவையும் நிறைய. சுட்ட மண் கரையாது, ஓடாக மண்ணுக்குள் கிடக்கும். உங்கள் மரத்தடியிலும் அப்படித்தான் கிடக்கும்.

'காசு பார்க்கிறார்கள்' என்றதுதான் தாங்கவில்லை. கலயத்தில் பதிக்கச் சொல்லி நீங்கள் அனுப்பும் இலையை வைத்து என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கலயம் பாதி காய்ந்த பதத்தில் இருக்கும்போது, இலையின் நரம்புப் பக்கம் மண்ணில் படும்படி வைத்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அழுத்துவோம். உரித்தெடுக்க மாட்டோம். இலை அப்படியே சூளைக்குள் போய் எரிந்துவிடும், அதன் நரம்பு மட்டும் சுவரில் நிற்கும். பூவரசு இலை அழகாகப் பதியும். வேப்பிலையின் பல் பல்லான ஓரத்துக்குப் பொறுமை வேண்டும். ஒரு அம்மா, கணவர் வைத்த முருங்கையிலிருந்து ஒரு ஈர்க்கு ஒடித்து அனுப்பியிருந்தார். அந்தப் பொடி இலைகளை ஒவ்வொன்றாக ஒட்டவே ஒரு பகல் போனது. கலயத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் போனில் ஒன்றும் பேசவில்லை, அழுதார். அதற்கென்று தனியாக ஒரு ரூபாய் வாங்கவில்லை. இதையெல்லாம் சொல்லிக்காட்ட வேண்டிய நிலை வந்ததுதான் வருத்தம்.

படம் போட்ட வீட்டார் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அப்பாவை இழந்தவர்கள். அந்தப் புங்கங்கன்று நன்றாக இருக்கிறது, படத்திலேயே புதுத் தளிர் தெரிகிறது. கலயத்தைத் தோண்டி எடுக்காமல், விரிந்த இடத்தில் மண்ணை மட்டும் அணைத்துவிடச் சொல்லியிருக்கிறோம்.

அப்புறம், கன்று கருகிப்போனதாகச் சொன்னவர்களுக்கு: அஸ்தியை முழுவதும் கலயத்தில் கொட்டாதீர்கள். சாம்பலில் உப்பும் காரமும் அதிகம், வேர் தாங்காது. வழக்கம்போல ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிட்டு, ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துவைத்து, மக்கிய எருவும் தோட்டத்து மண்ணும் நிறையச் சேர்த்துக் கலந்து போடுங்கள்.

இலை ஒட்டும் வேலையை இத்தனை வருஷம் பார்த்த அக்கா, ஆடியோடு மகள் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டார். அவர் கைப்பக்குவம் வேறு யாருக்கும் சட்டென்று வராது. அவரிடம் பழகிய பெண் இப்போது செய்கிறாள், நன்றாகவே செய்கிறாள். விறகும் வைக்கோலும் விற்கிற விலை உங்களுக்கே தெரியும். அதனால் தை முதல் கலயம் 850 ரூபாய்க்குப் பதில் 1,100 ரூபாய், பதினாறாம் நாளுக்குள் அனுப்ப இயலாது.

படத்தைப் பார்த்ததும் எங்களிடம் கேட்காமலேயே, தங்கள் வீட்டு மரத்தைப் படமெடுத்துப் பதிலுக்குப் போட்டீர்களே, அந்த எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. காரைக்குடியிலிருந்து வந்த படத்தில் மகிழமரம் பூத்திருந்தது. பட்டறையில் எல்லாரும் பார்த்தோம்.

இலை அனுப்புகிறவர்கள் ஈரத்துணியில் சுற்றி அனுப்புங்கள். காய்ந்த இலை பதியாது.

அன்புடன்,
நினைவுக் கலயப் பட்டறை,
மானாமதுரை