சனிக்கிழமை கால்பந்து: தன்னார்வலர்கள் கவனத்துக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, மாலை 4.30க்கு மைதானத்தில் இருங்கள். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 4ஆம் நம்பர் பந்துதான். 5ஆம் நம்பர் அவர்கள் காலுக்குப் பாரம். காற்றடிக்கும் ஊசியை ஈரப்படுத்திச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும், பந்தில் காற்று நிற்காது.

வேதபாடம் ஆட்டம் முடிந்தபின் வேண்டாம், பிள்ளைகளுக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது, நிழலில், 5 நிமிடம் போதும். இந்த வாரம் மாற்கு 2:1-12. திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கியவனை, நான்கு பேர் படுக்கையோடு சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன் இறக்கினார்கள். ஒருவர் கைவிட்டாலும் படுக்கை சாயும். பாஸ் கொடுத்து ஆடும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

மற்ற மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். பாடம் உண்டு என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். ஜெபத்துக்கு உட்காராத பிள்ளைக்கும் அணியில் அதே இடம்தான். இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு இருவராகப் போய் விசாரியுங்கள்.