கடலைப் பார்க்கப் போனவன் கல்கட்டைப் பார்த்து வந்த கதை

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மாட்டியிருக்கும் கடல் படத்தைப் பார்த்து, "இதைப் பாக்க இத்தாலிக்குப் போகோணுமா மாப்பிள்ளை? ராமேஸ்வரத்துலயே இருக்குதே" என்று கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். உருப்படியான பதில் இதுதான். அத்தை போனில் வாசித்துக் காட்டட்டும்.

2023 ஜூனில் மிலான் ஜவுளி எந்திரக் கண்காட்சிக்குத்தான் போனேன். திரும்பின பக்கமெல்லாம் திருப்பூர் முகம். வேலை முடிந்து இரண்டு நாள் மிச்சம் இருந்தது. ரயிலேறி லா ஸ்பேசியா போய், அங்கிருந்து சிங்க்வே தெர்ரே. மோன்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னீலியா, மானரோலா, ரியோமஜ்ஜோரே என்று மலைச்சரிவில் கடலைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்கள். ஊருக்கு ஊர் ரயில் உண்டு, ஆனால் நடப்பதற்குத்தான் ஜனம் வருகிறது. வெர்னாட்ஸா ஸ்டேஷனில் தைப்பூசத்துப் பழனி மாதிரிக் கூட்டம். ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் நடந்தால் அபராதமாம். நீங்கள் வந்திருந்தால் கட்டாயம் மாட்டியிருப்பீர்கள்.

கோர்னீலியாவில் இறங்கினேன். மற்ற நான்கும் தண்ணீரோரம், இது மட்டும் சுமார் 100 மீட்டர் உயரத்தில். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குச் சுமார் 380 படி. சென்னிமலையில் 1,320 படி ஏறின காலுக்கு இதெல்லாம் ஒரு படியா என்று வேகமாக ஏறி, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாட்டி கையில் பையோடு என்னைத் தாண்டிப் போனார்.

மானரோலாவுக்குக் கடலோரப் பாதை மண்சரிவில் மூடிக் கிடந்தது. அதனால் வொலாஸ்த்ரா என்று மேட்டில் இருக்கும் ஒரு ஊர் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதுவும் நல்லதுக்குத்தான். அங்கேதான் உங்கள் நினைப்பு வந்தது.

மலை முழுக்கப் படிப்படியாகக் கல்கட்டு, மாமா. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, கல்மேல் கல்லாக அடுக்கியது. ஒவ்வொரு கட்டுக்கு மேலும் துண்டு நிலம், அதில் திராட்சை. நாலு எட்டு வைத்தால் அடுத்த கட்டு வந்துவிடும், மாடு கட்டித் திருப்ப இடமில்லை. பல நூறு வருஷமாகக் கையால் கட்டியது. அறுவடைக் கூடையை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் குட்டி இஞ்சின் வண்டி ஓட்டுகிறார்கள், அது மட்டும்தான் புதுசு. சிமெண்ட் பூசினால் மழைத்தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். வெறும் கல் என்றால் இடுக்கு வழியாகக் கசிந்து இறங்கிவிடும். உங்கள் அய்யன் காலத்துக் கிணற்றுக்குச் சிமெண்ட் பூசலாம் என்று நான் சொன்னபோது, "ஊத்துக்கு வழி உடோணும்" என்று நீங்கள் மறுத்தது அப்போதுதான் புரிந்தது.

நிறைய இடத்தில் கட்டு பிதுங்கிச் சரிந்து, முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. 1870களில் ரயில் வந்தது, லா ஸ்பேசியாவில் கடற்படைத் தளத்து வேலை இருந்தது. அப்புறம் யார் கல் சுமப்பார்கள்? நம் பக்கம் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போன மாதிரிதான். நானே போனவன், வேறு யாரைச் சொல்ல? கட்டு விழுந்தால் மண்ணைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. 2011 அக்டோபர் 25 பேய்மழையில் மலையே வழிந்து வந்து வெர்னாட்ஸா தெருவைச் சேற்றில் புதைத்துவிட்டது. 1997லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம்தான். படம் எடுக்க வரும் எங்களில் ஒருத்தன் ஒரு கல்லைத் தூக்கி வைத்ததில்லை.

ரியோமஜ்ஜோரேவுக்கும் மானரோலாவுக்கும் நடுவில் 'காதல் பாதை' என்று ஒன்று உண்டு. 2012இல் பாறை விழுந்து மூடியது, 2024இல்தான் திறந்தார்கள். நான் போனபோது பூட்டியிருந்தது, எனக்குப் பெரிய வருத்தமில்லை.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, எண்ணெய் விட்டு, அடுப்பில் சுட்டுத் துண்டு போட்டுத் தருகிறார்கள், பரினாத்தா என்று பெயர். நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம். சட்னிதான் இல்லை.

கூடத்துப் படம் பாப்பா தேர்ந்தெடுத்தது. கல்கட்டு மட்டும் நாற்பது படம் எடுத்தேன், யாரும் பார்க்கவில்லை. அத்தை போனுக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது படத்தில் மூலைக்கல்லை எப்படி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்க. ஐப்பசி மழையில் விழுந்த உங்கள் கிழக்கு வரப்புக்கு அந்த மாதிரி வைக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கடப்பாரை இருக்குதுங்களா?

உங்கள் மாப்பிள்ளை