சீவாளியை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் வந்தால் போதும், எங்கள் பக்கத்து இளம் நாகஸ்வரக்காரர்களிடம் ஒரே பல்லவிதான்: "வேலூர் வெயிலுக்குச் சீவாளி தாங்கமாட்டேங்குது." சீவாளி என்பது நாகஸ்வரத்தின் நுனியில் மாட்டி, வாயில் வைத்து ஊதுகிற பகுதி. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். அந்த வெயிலில் தெருத்தெருவாக ஊதிய பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய சீவாளி மட்டும் எப்படித் தாங்கியது? என்னைக் கேட்டால், வெயிலைவிட சீவாளியை அதிகம் கெடுப்பது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாதான்.

கெட்டிமேளம் ஓய்ந்ததும் பந்திக்கு அவசரம். எச்சில் ஈரத்தோடு சீவாளியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடி, பையில் திணித்து, வெயிலில் நிற்கிற பைக்கில் மாட்டிவிடுகிறார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குத் திறந்தால் குப்பென்று வாடை. நூல் கட்டின இடத்தில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. வேட்டி முனையில் ஒரு துடை துடைத்து அதையே வாயில் வைக்கிற துணிச்சலை என்னவென்று சொல்ல!

சீவாளி செய்வது கொறுக்கைத் தட்டையில், அதாவது நாணலில். நனைவதும் காய்வதும் அதற்குப் பழக்கம்தான். காயவே விடாமல் அடைத்து வைத்தால்தான் அழுகும். ஊதி முடித்ததும் கெண்டையிலிருந்து, அதாவது சீவாளியை மாட்டுகிற உலோகக் குழாயிலிருந்து, கழற்றி, பச்சைத் தண்ணீரை உள்ளும் புறமும் ஓடவிட்டாலே பாதி அழுக்கு போய்விடும். சீவாளியின் இதழுக்கு நடுவில் ஏதாவது ஒட்டியிருந்தால் ஊசியை மெதுவாக விட்டு எடுக்கலாம், சுரண்டக்கூடாது. பருத்தித் துணியில் ஒற்றி, நிழலில் காற்றுப்பட வைக்கவேண்டும். வெயிலில் போட்டால் இதழ் கோணிக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீரும் அப்படித்தான். சோப்பு வேண்டவே வேண்டாம். அந்த வாசனை நாணலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு, மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்ட தகர டப்பாவில் வைத்தால் போதும்.

வாத்தியத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீவாளிகளைப் பார்த்து, அலங்காரமா என்று கேட்பவர்கள் உண்டு. அவை மாற்றுச் சீவாளிகள். ஒன்று நனைந்து தொய்ந்தால் இன்னொன்றை மாட்டுவார்கள். கழற்றினது காற்றாடத் தொங்கிக் காயும். இளைஞர்களோ ராசியான சீவாளி என்று ஒன்றையே ஓயாமல் ஊதித் தேய்க்கிறார்கள்.

அப்புறம், தாம்பூலம். தட்டில் வைத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வராது. சரி, போடுங்கள். ஆனால் வாய் கொப்பளிக்காமல் ஊதினால் பாக்குத் துகளும் சுண்ணாம்பும் இதழுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். ரோஸ் மில்க் குடித்த வாயும் அதே கதைதான்; சர்க்கரைப் பிசுக்கு காய்ந்தால் இதழ் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் சீவாளியை இன்னொருவர் வாங்கி ஊதிப் பார்க்கிற வழக்கத்தையும் விட்டுவிடலாம். சளி, காய்ச்சலுக்கு வேறு வழி தேவையில்லை.

கல்யாண மண்டபக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். மேளக்காரர்கள் முகத்துக்கு நேராகப் பெரிய மின்விசிறியைத் திருப்பி வைப்பது அன்பினால்தான், புரிகிறது. ஆனால் ஊதாமல் நிறுத்துகிற நேரத்தில் அந்தக் காற்றில் சீவாளி காய்ந்துவிடுகிறது. மறுபடி எடுத்தால் நாதம் பிசிறடிக்கும். விசிறியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் வையுங்கள்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் பெருமை. ஆச்சா மரத்தையும் அதைக் கடைகிற கைகளையும் பற்றி நிறையப் பேசினார்கள். சீவாளியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரத்துக்கு மூன்று வருட வகுப்பு நடக்கிறது. முதல் வருடத்திலேயே, ஸ்வரவரிசையோடு சேர்த்து, சீவாளியைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைப்பதையும் பாடமாக வைக்கவேண்டும். செய்முறைத் தேர்வில் மாணவரின் சீவாளி டப்பாவைத் திறந்து பார்த்தே மதிப்பெண் போடலாம்.

இப்படிக்கு,
நாகஸ்வரக் கலைஞர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.